முழுப்பேர்
(தோட்டக் கமிட்டியும் மாதர் சங்கமும் சேர்ந்து நடத்திய மாதக் கூட்டத்தில் பேசியது)



மலை ஏறி இறங்கிக் களைத்து வந்திருக்கிறீர்கள். ரொட்டி சுடும் நேரத்துக்குள் முடித்துவிடுவோம். இன்று நம்முடைய பகிடியைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம்.

நம் பூட்டன்மாரிடம் ஆள் கட்ட வந்த கங்காணி, தேயிலைத் தூரைக் கிளறினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்றானாம். வந்து கிளறினார்கள். அட்டைதான் கிடைத்தது. அந்தப் பொய்யையே பகிடியாக்கி, பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டுப் போனார்கள். எழுதத் தெரியாத அந்தச் சனங்கள் வைத்திருந்த கணக்குக் கொப்பி அது. ஏமாந்த கதை இன்று வரை மறக்கவில்லையே!

ஊரில் எல்லோருக்கும் பிறந்ததும் ஒருமுறை பேர் வைப்பார்கள். நமக்குத்தான் தினமும் பேர் போட வேண்டியிருக்கிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். எங்கள் லயத்தில் ஓர் அக்கா அரைப்பேரோடு வந்த அன்று, "இன்னைக்கு அரைப்பேருதான். அரை ஆளுக்குத்தான் சமைப்பேன். மத்த அரை ஆளு தொரைகிட்ட போய்ச் சாப்பிடட்டும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னாராம். லயமே சிரித்தது.

நாங்களும் சிரித்துவிட்டுக் கேட்டோம்: "அக்கா, எத்தனை கிலோ நிறுத்தீங்க? எவ்வளவு கழிச்சாங்க?"

"அது யாருக்கு ஞாபகம் இருக்கு டீச்சர்?"

சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. பகிடி நினைவிருக்கிறது, கிலோ நினைவில்லை. இப்படி இருந்தால் மாதக் கடைசியில் நாம் எதை வைத்துப் பேசுவது?

நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது பெரிய வேலையில்லை. ஒரு கொப்பி, ஒரு பென்சில். தேதி, ஒவ்வொரு நிறுவையிலும் எத்தனை கிலோ, சாக்குக்கும் ஈரத்துக்கும் கழித்தது எவ்வளவு, முழுப்பேரா அரைப்பேரா. அந்தியில் தேத்தண்ணி குடிக்கும்போது அம்மா சொல்ல, பிள்ளை எழுதட்டும். சம்பளச் சீட்டு வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சீட்டில் இன்னொன்றும் பாருங்கள். சேமலாப நிதிக்கு 100 ரூபாய்க்கு நம்மிடம் 8 ரூபாய் பிடிப்பார்கள். நிர்வாகம் தன் பங்காக 12 ரூபாய் போட வேண்டும். ஈ.டி.எப். 3 ரூபாய் முழுக்க நிர்வாகத்தின் பொறுப்பு. அதை நம் சம்பளத்தில் பிடிக்க முடியாது.

பேரையும் எழுத்துக்கூட்டி வாசியுங்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு பாட்டிக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பேர், அடையாள அட்டையில் ஒரு பேர், சேமலாப நிதியில் இன்னொரு பேர். வேலையை விட்ட பிறகு காசு எடுக்கப் போனார். திரும்பத் திரும்ப அலைந்தார். "மூணு பேரு இருக்கு டீச்சர், ஒரு பேருக்கும் காசு வரலியே" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு நம்மால் கூடச் சிரிக்க முடியவில்லை. அத்தனை வருஷம் கூடை சுமந்த முதுகு அது.

வேலையை விட்ட பெண்கள் 50 வயதிலும் ஆண்கள் 55 வயதிலும் அந்தப் பணத்தைக் கேட்கலாம். பேர் பிழையைத் திருத்த அதுவரை காத்திருக்க வேண்டாம். செக்ரோலில் பேர் இருக்கும்போதே அடையாள அட்டையையும் சம்பளச் சீட்டையும் கமிட்டியிடம் கொண்டு வாருங்கள். கடிதம் எழுதுவதோ, சத்தியக் கடதாசி முடிப்பதோ, கூடவே நிற்போம்.

நல்லா வாழ்வது என்றால் மாளிகை கட்டுவது மட்டுமா? உழைத்த காசு கைக்கு வர வேண்டும், அந்தியில் நாலு பேர் கூடிச் சிரிக்க வேண்டும். சிரிப்பு நம்மிடம் எப்போதும் இருக்கிறது. காசுக்குத்தான் கொப்பி தேவைப்படுகிறது.

அடுத்த கூட்டத்துக்குக் கொப்பியோடு வாருங்கள். பாதிக் கொப்பி எழுதி வந்தாலும் இங்கே முழுப்பேர்தான் போடுவோம்.