குடும்பம் என்று சொல்லி வேலை வாங்குவது



ஆபீசு வேலையின் தொல்லையைப் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறார்கள். நான் பெரிய படிப்பாளியல்ல. ஆனால் இந்தக் கோவையில் ஒரு கம்பெனியில் ஆறு வருஷம் கணக்கு எழுதியவன். அந்த யோக்கியதையில் பேசுகிறேன்.

காலை 9 மணிக்கு உட்கார்ந்தால் இரவு 9 மணிக்கு எழுந்திருப்போம். மார்ச்சு மாதத்தில் அதுவும் இல்லை. மூன்று பேர் வேலை ஒருவன் தலையில். தப்பு வந்தால் எல்லோர் முன்னிலையிலும் வசவு. ஒரு நாள் அதிகப்படி நேரத்துக்குச் சம்பளம் கேட்டேன். “நாமெல்லாம் ஒரே குடும்பம், குடும்பத்தில் கணக்குப் பார்க்கலாமா?” என்றார் மானேஜர். “அப்படியானால் பாகம் பிரிக்கும்போது எனக்கும் பங்கு உண்டா?” என்றேன். அந்த மாதத்தோடு என் சீட்டுக் கிழிந்தது. (சிரிப்பு)

ஆயுதபூசையன்று இயந்திரத்துக்குச் சந்தனம் பூசி ஓய்வு கொடுப்பார்கள். நாங்கள் பொரிகடலையை வாங்கிக்கொண்டு பேரேட்டுக்குத் திரும்புவோம். கவலை இறைத்த காலத்தில் நம் குடியானவன் மாடு களைத்தால் அவிழ்த்து நிழலில் கட்டினான். கருணையினால் மட்டுமா? மாடு செத்தால் காசு கொடுத்து வேறு வாங்கவேண்டும். குமாஸ்தா செத்தால் ஒரு விளம்பரத்தில் வேறு ஆள் வந்துவிடுகிறான்!

சாவது என்று மிகைப்படுத்திச் சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட கணக்கில், வாரம் 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததால் வந்த இதயநோய், பக்கவாதம் ஆகிய இரண்டால் 2016-இல் மட்டும் 7,45,000 பேர் மாண்டார்கள் என்றிருக்கிறது. இதைத் தலைவிதி என்று நாம் சொன்னால் முதலாளிக்கு எவ்வளவு சௌகரியம், பாருங்கள்!

மில்களின் சங்கதி இன்னும் மோசம். நம் பக்கத்து நூல் மில்களில் பல வருஷம் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்தது. ஏழைப் பெண்களை மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கலியாணத்துக்கு மொத்தத் தொகை தருவதாகச் சொன்னார்கள். உடம்பு முடியாமல் நடுவில் போன பெண்களில் பலருக்கு அந்தத் தொகை கிடைக்கவில்லை. அது யார் பணம்? அவள் கூலியில் நிறுத்திவைத்தது! கூலியைப் பிடித்து வைத்ததற்கு மங்கலமான ஒரு பெயர்! எங்கள் மானேஜருடைய ‘குடும்ப’த்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டமே தொழிலாளிக்கு நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி, மேற்பட்டால் இரட்டைக் கூலி என்று எழுதியது. 2023 ஏப்ரலில் 12 மணி வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையில் நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் கூச்சலிட்டன, மே முதல் நாளே அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவிக்க வேண்டியதாயிற்று. கூச்சலிடாதிருந்தால்?

ஆகவே தோழர்களே, பால்காரனுக்குக் கணக்கு நோட்டு வைத்திருக்கிறீர்கள். அதுபோல் வேலைக்குப் போன மணி, திரும்பின மணி இரண்டையும் தினமும் எழுதி வையுங்கள். பக்கத்து மேசைக்காரனையும் எழுதச் சொல்லுங்கள். ஒருவன் கேட்டால் சீட்டுக் கிழியும். இருபது பேர் இருபது நோட்டோடு போனால் மானேஜர் உட்காரச் சொல்லிப் பேசுவார். நான் கேட்கப் போன அன்று என்னிடம் நோட்டும் இல்லை, கூட வர ஆளும் இல்லை.