வேலை யார் கையில்?



நம் பட்டினத்திலிருந்து கீழ்வெண்மணி வெகுதூரமில்லை. 1968 டிசம்பர் 25 இரவு அங்கே 44 பேர் எரிக்கப்பட்டதற்கு முன்னால் நடந்தது கூலிப் போராட்டம். கேட்டது கூடுதலாக அரைப்படி நெல். மிராசுதார்கள் தீ வைப்பதற்கு முன்பே இன்னொன்றைச் செய்தார்கள். வெளியூர் ஆட்களை அறுவடைக்கு இறக்கி, நம் ஆட்களுக்கு வேலை இல்லை என்றார்கள். கூலி போதாது என்றால் சங்கமாகக் கேட்கலாம். வேலையே இல்லை என்றால் என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு நம் யூனியன் பிரதேசத்தின் இன்னொரு துண்டான மாஹேக்கு அருகே ஒரு விடை கிடைத்தது. வடகரைப் பக்கம் ஊராளுங்கல். வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தில் சேர்ந்த தீயர் கூலிகளுக்கு நிலவுடைமையாளர்கள் வேலை தர மறுத்தார்கள். 1925இல் 14 பேர் ஆறணா முதலோடு ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். பாதை போடுவது, மண் வெட்டுவது என்று சின்ன ஒப்பந்தங்கள்தான். இன்று அதே சங்கம் தலப்பாடியிலிருந்து செங்களை வரை 39 கிலோமீட்டர் தேசிய நெடுஞ்சாலையை அமைக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. கோழிக்கோட்டில் ஒரு ஐ.டி. பூங்காவும் நடத்துகிறது. இயக்குநர்கள் தொழிலாளர்களிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். டெண்டரில் தொழிலாளர் ஒப்பந்தச் சங்கங்களுக்குக் கேரள அரசு விலைச் சலுகை தருகிறது என்பதையும் மறைக்கக் கூடாது. அந்தச் சலுகை தானாக வந்ததில்லை, அரசியலால் வந்தது.

“தீயர்கள் தலித்துகள் இல்லையே” என்று நீங்கள் கேட்கலாம். சரிதான். அவர்களில் ஒரு பகுதியினருக்குப் படிப்பும் கொஞ்சம் குத்தகை நிலமும் இருந்தன. அதனால் புனேக்குப் போவோம். அங்கே குப்பை பொறுக்கும் பெண்கள், பெரும்பாலும் தலித்துகள், 1993இல் தொழிற்சங்கம் கட்டினார்கள். பிறகு ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவைத் தொடங்கி, 2008இல் மாநகராட்சியோடு ஒப்பந்தம் போட்டார்கள். வீடு வீடாகக் குப்பை வாங்கக் கட்டணம் அவர்களுக்கு. பழைய பேப்பர், பிளாஸ்டிக் விற்கும் காசும் அவர்களுக்கே. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அதில் இருக்கிறார்கள். ஆனால் ஒப்பந்தக் காலம் முடியும்போதெல்லாம் தனியார் நிறுவனங்கள் வாசலில் நிற்கின்றன. அந்தப் பெண்கள் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. குப்பை வேலையின் முதலாளிகளாக நம்மை ஆக்கிவிட்டு, குப்பையை நமக்கே நிரந்தரப் பங்காக எழுதிவிடுவார்களோ? சாதி நமக்குக் கொடுத்த வேலையைக் கூட்டுறவு முத்திரை குத்தித் திருப்பிக் கொடுப்பதை எப்படி ஏற்பது? இங்கேதான் ஊராளுங்கல் உதவுகிறது. மண் வெட்டிய சங்கம் மண் வெட்டுவதோடு நிற்கவில்லை. சங்கத்தின் துணைவிதியிலேயே வேறு தொழிலுக்கு மாறும் வழியையும், உறுப்பினர் பிள்ளைகளின் படிப்புக்கு நிதியையும் எழுதிவைக்க வேண்டும். அது இல்லாத சங்கத்தில் நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

நம் எல்லைக்குள் போலகத்தில் எரிவாயு மின்நிலையம் இருக்கிறது. வாஞ்சூரில் 2009 முதல் துறைமுகம் இயங்குகிறது. சுத்தம் செய்வது, தோட்டம் பராமரிப்பது, சாப்பாடு போடுவது, ஆள் ஏற்றிவரும் வண்டி ஓட்டுவது என்று இத்தகைய இடங்களில் ஆண்டு முழுக்க வேலை உண்டு. பெரும்பாலும் இவை ஒப்பந்தக்காரர் வழியாகத்தான் வருகின்றன. ஒப்பந்தக்காரர் மாறினால் ஆட்களும் மாறுகிறார்கள், பணிக்கொடையும் சேவைக்காலமும் கரைந்துபோகின்றன. சங்கத்தின் கையில் ஒப்பந்தம் இருந்தால் அந்தக் கணக்கு தொடரும்.

இதை எல்லாம் யாரிடம் கேட்பது? கொம்யூன் பஞ்சாயத்திடம் என்பீர்கள். புதுச்சேரியில் 1968க்குப் பிறகு உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 2006இல். அந்தப் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பின் கொம்யூனில் உட்கார்ந்திருப்பவர் அதிகாரி. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரும் அவரே. ஆகவே சங்கம் பதிவு செய்யும் மனுவையும் உள்ளாட்சித் தேர்தலுக்கான கோரிக்கையையும் ஒரே உறையில் வைத்துக் கொடுப்போம். மனுவின் வரைவு பின்வரிசை மேசையில் இருக்கிறது. படித்துவிட்டுத் திருத்தங்களைச் சொல்லுங்கள்.