விளக்கு அறியாத பழுது



மோட்டார் வண்டியின் ஸ்டியரிங் சக்கரத்துள் மடிந்து கிடக்கும் காற்றுப்பையைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். ஏர்பேக் என்றே யாவரும் வழங்கும் இப்பொருள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். வண்டி மோதினால், ஒரு வினாடியை முப்பது கூறாக்கி அதில் ஏறத்தாழ ஒரு கூறு நேரத்தில் விரிந்து நிற்கும். கண் இமைக்கவும் அதைவிட நேரம் ஆகும். அமெரிக்காவில் ஜான் ஹெட்ரிக் என்பவர் 1953இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் நாட்டுப் புதிய கார்களில், ஓட்டுநருக்கு இது 2019 ஜூலை முதல் கட்டாயமாயிற்று.

பிரேக் நன்றாக இருக்கிறதா என்று அறிய, மிதித்துப் பார்க்கலாம். ஹாரனை அழுத்திப் பார்க்கலாம். காற்றுப்பையை வெடிக்கவிட்டுப் பார்த்தால், அதன் ஆயுள் அத்துடன் முடிந்தது! பின் அதன் நலத்தை எவ்வாறு அறிவது?

வண்டியின் நடுவே ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. பைக்குப் பின்னுள்ள சிறு எஃகுக் குப்பியில் வாயுவை உண்டாக்கும் மருந்தும், அதைப் பற்றவைக்கும் மெல்லிய கம்பியும் உள்ளன. சாவியைத் திருப்பியதும் பெட்டியானது, மருந்தைப் பற்றவைக்கப் போதாத மிகச் சிறிய மின்னோட்டத்தை அக்கம்பிவழி அனுப்பி, மின்தடையை அளக்கிறது. பெரும்பாலும் அது இரண்டு மூன்று ஓம் அளவே இருக்கும். கணக்குச் சரியானால், சில வினாடி எரிந்த எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். தவறினால் அணையாது; குறியீட்டு எண் ஒன்று பெட்டியின் நினைவில் பதியும்.

அந்த எண் நோயைச் சொல்வதில்லை. நோயுள்ள உறுப்பை மட்டுமே சொல்லும். மிகுதியை மெக்கானிக்கின் மூளைதான் காணவேண்டும். ஸ்டியரிங்கின் அடியில், கடிகார வில்லைப் போலச் சுருண்ட நாடாக் கம்பி ஒன்று உண்டு. சக்கரம் திரும்பும்போதெல்லாம் அது சுருங்கி விரிந்து, நாளடைவில் இற்றுப் போகும். பல வண்டிகளில் ஹாரனின் கம்பியும் அந்நாடாவழியே செல்வதால், விளக்கு எரிவதோடு ஹாரனும் ஊமையானால் அந்நாடாவைத்தான் முதலில் ஐயுற வேண்டும். இருக்கையின் அடியிலுள்ள மஞ்சள் நிற இணைப்புகள் இன்னொரு பழுதிடம். நம் காரைக்காலில் சன்னல் கம்பியையும் அரிக்கும் உப்புக் காற்று, அவற்றின் முனைகளை விட்டுவைக்குமா? ஐப்பசி கார்த்திகை மழையில் வண்டிக்குள் நீர் புகுந்துவிட்டால் சொல்லவே வேண்டாம்.

இவ்விடத்தில் மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சாதாரண மீட்டரை எடுத்துப் பையின் முனைகளில் வைத்துத் தடையை அளக்காதீர்கள். மீட்டரின் மின்னோட்டமே பையை வெடிக்கச் செய்துவிடக் கூடும். பாட்டரியைக் கழற்றி, பெட்டியில் தேங்கிய மின்சாரம் வடியக் கையேடு சொல்லும் நேரம்வரை காத்திருக்க வேண்டும். பின் பையை விலக்கி, அதன் இடத்தில் அதே அளவு தடையொன்றைப் பூட்டி, மீண்டும் சோதிக்க வேண்டும். விளக்கு அணைந்தால் பழுது பையில், அணையாவிடில் கம்பியில்.

இதே தடையை நிலையாகப் பூட்டி, விளக்கை அணைத்து, பழைய வண்டியை விற்போரும் உண்டு. விளக்கையே பிடுங்கிவிடுவோரும் உளர். ஆகவே சாவியைத் திருப்பும்போது விளக்கு ஒருமுறையேனும் எரிகிறதா என்று பாருங்கள். எரியாத விளக்கு, அணையாத விளக்கைவிடப் பொல்லாதது.

ஆனால் நான் அஞ்சுவது இவற்றையெல்லாம் அன்று. விளக்கு சோதிப்பது கம்பியைத்தான்; குப்பியிலுள்ள மருந்தை அன்று. ஜப்பானிய நிறுவனமான டகாட்டா தன் குப்பிகளில் அம்மோனியம் நைட்ரேட்டை நிரப்பிற்று. உரமாகவும் பயன்படும் பொருள் அது. உர மூட்டை மழைக்காலத்தில் ஈரம் குடித்துக் கட்டியாவதைக் காவிரிப் படுகை உழவர் அறிவர். குப்பிக்குள்ளும் ஈரம் புகுந்தது. பகல் வெப்பமும் இரவுக் குளிர்ச்சியும் மாறி மாறித் தாக்க, ஆண்டுகள் பல கடந்தபின் மருந்துவில்லைகள் நுண்துளை மிகுந்தவையாயின. அத்தகைய வில்லை வேண்டியதற்கு மேல் விரைந்து எரியும், குப்பி சிதறும், உயிர்காக்க வந்த பைக்குள்ளிருந்து எஃகுத் துண்டுகள் பாயும். அமெரிக்காவில் மட்டும் ஆறு கோடிக்கு மேற்பட்ட குப்பிகள் திரும்பப் பெறப்பட்டன. டகாட்டா 2017இல் திவாலாயிற்று. புளோரிடா, ஹவாய் முதலிய வெப்பமும் ஈரமும் மிக்க இடங்களுக்கே அங்கு முதன்மை தரப்பட்டது. மலேசியாவிலும் உயிர்கள் போயின. அந்நிலங்களின் காற்றுக்கும் நம் கடற்கரைக் காற்றுக்கும் பெரும் வேறுபாடு இல்லை.

அந்தக் குப்பிகள் உள்ள வண்டிகளில் பெரும்பாலானவற்றில் எச்சரிக்கை விளக்கு ஒழுங்காகவே அணைந்தது. கம்பி நலமாகத்தானே இருந்தது!

மருந்தை உடைக்காமல் சோதிக்கும் வழி பட்டறையில் இல்லை. வண்டியின் பதினேழு எழுத்தெண் கொண்ட அடையாளத்தைத் தயாரிப்பாளரிடம் கொடுத்துக் கேட்பதே வழி. அது பதிவுச் சான்றிதழில் சேசிஸ் எண் என்ற பெயரில் இருக்கும். இந்தியாவிலும் ஹோண்டா முதலிய நிறுவனங்கள் இக்குப்பிகளைத் திரும்ப அழைத்துக் கட்டணமின்றி மாற்றித் தந்துள்ளன. ஆயினும் வண்டி இரண்டு மூன்று கை மாறியிருந்தால், அழைப்புக் கடிதம் பழைய உரிமையாளரின் வீட்டுக்கே போயிருக்கலாம். உங்கள் வீட்டில் 2000க்கும் 2015க்கும் இடையில் செய்யப்பட்ட கார் இருந்தால், இன்று மாலையே அந்த எண்ணை எழுதி எடுத்துக்கொள்ளுங்கள்.