சங்கிலி வாளும் அதன் தகடும்



பால்மரத்துக்கும் ஓய்வு வயது உண்டு. நட்டு இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் சென்றால் பால் குறைந்துவிடும். பிறகு மறுநடவுக்காக மரத்தைச் சாய்ப்பார்கள். நம் பாட்டன்மார் காலத்தில் கோடரியும், இருவர் இழுக்கும் பெரிய வாளும் செய்த வேலையை இன்று சங்கிலி வாள் செய்கிறது. நம்மவர் வாயில் அது செயின்சோ.

தோட்டத்தில் மட்டுந்தான் இதற்கு வேலை என்று நினைக்க வேண்டாம். தீபாவளிக்குத் துணி எடுக்க மஸ்ஜித் இந்தியாவுக்குப் போகிறோம் அல்லவா? அங்கிருந்து அதிகத் தொலைவில்லாத ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில், 2024 மே 7ஆம் நாள் பெரிய மரமொன்று சாய்ந்து ஒருவர் உயிரிழந்தார்; பல வாகனங்கள் நசுங்கின. பட்டணத்து முதிய மரங்களைத் துண்டு துண்டாக இறக்குவதும் இந்த வாள்தான்.

வாள் என்றதும் எல்லாரும் சங்கிலியின் பல்லைப் பற்றித்தான் பேசுவார்கள். பல்லின் கதை சுவையானதுதான். அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், மரப்புழு ஒன்று இடமும் வலமுமாக மரத்தை அரித்துச் செல்வதை 1946இல் கவனித்து, அதைப் போலவே பல்லை அமைத்தார். ஆனால் அந்தப் பல் எந்த வழியில் போக வேண்டும் என்பதை முடிவு செய்வது, சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடு. பட்டறைக்காரர்கள் அதைப் ‘பார்’ என்பார்கள். அதைப் பற்றியே இன்று சொல்லப் போகிறேன்.

பாரின் விளிம்பைச் சுற்றி ஒரு காடி ஓடுகிறது. காடியின் இரு கரைகளையும் உதடுகள் என்று வைத்துக்கொள்வோம். சங்கிலியின் அடிவால்கள் காடிக்குள் இறங்கி ஓட, சங்கிலியின் உடல் உதடுகளின் மேல் வழுக்கிச் செல்கிறது. வேகமோ வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். உதடு தேயாமல் என்ன செய்யும்?

“வெட்டு கோணலாகப் போகிறது” என்பதே அதிகம் கேட்கும் குறை. முதலில் இடப்பற்களும் வலப்பற்களும் ஒரே நீளமாக அராவப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். அது சரியென்றால் குறை பாரில்தான். இதை அறிய ஒரு நேரான அடிக்கோல் போதும். இயந்திரத்தை நிறுத்தி, ஸ்பார்க் பிளக்கின் மூடியைக் கழற்றி, கையுறை அணிந்துகொண்டு, கோலைப் பாரின் பக்கத்தில் பல்லோடு ஒட்டி வையுங்கள். கோலுக்கும் பாரின் உடலுக்கும் நடுவே சிறு இடைவெளி தெரிய வேண்டும். இடைவெளியே இல்லாமல் கோல் படிந்துவிட்டால், உதடு தேய்ந்து சங்கிலி சாய்கிறது என்று பொருள். இரு பக்கமும் இப்படிப் பாருங்கள்.

கோணல் வெட்டால் நேரம் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். மரம் சாய்க்கும்போது, விழ வேண்டிய பக்கம் வாய்வெட்டு வெட்டி, பின்புறத்திலிருந்து அறுத்து வந்து, நடுவில் ஒரு பட்டை மரத்தை அறுக்காமல் விடுவார்கள். கதவுக்குக் கீல் போல அதுவே மரத்தைப் பிடித்துக்கொண்டு, குறித்த திசையில் இறக்குகிறது. வாள் கோணலாக ஓடினால் கீலின் ஒரு பக்கம் அறுந்துபோகும். மரம் முறுக்கிக்கொண்டு வேறு பக்கம் விழும். அங்கே நிற்பது உங்கள் அண்ணனாக இருக்கலாம்.

உதட்டின் ஓரத்தில் பிசிர் எழும்பியிருந்தால் தட்டை அரத்தால் தேய்த்து எடுங்கள். உதடுகள் உயரத்தில் ஏறத்தாழ இருந்தால் இரண்டையும் சமமாக, நேர்கோணத்தில் அராவ வேண்டும். கை பழகாதவர்கள் பட்டறையில் கொடுப்பதே நல்லது. அறுப்பு வேலை பெரும்பாலும் கீழ்விளிம்பில் நடப்பதால் அதுவே முதலில் தேயும். ஆகவே சங்கிலியைத் தீட்டும் போதெல்லாம் பாரை மேல்கீழாகத் திருப்பிப் பூட்டுங்கள். இதற்குக் காசு ஒன்றும் செலவில்லை, செய்பவர்கள்தான் குறைவு.

பால்மரம் வெட்டுவோருக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. பாலும் மரத்தூளும் சேர்ந்து பிசின்போல் காடியை அடைக்கும், எண்ணெய்த் துளையையும் அடைக்கும். எண்ணெய் வராவிட்டால் உதடு சூடேறி நீலம் பாயும். அந்த நிறத்தைக் கண்டால் உடனே நிறுத்துங்கள். மாலையில் சங்கிலியைக் கழற்றி, மெல்லிய தகட்டால் காடியைச் சுரண்டி, துளையைக் கம்பியால் குத்திவிடுங்கள். மறுநாள் வேலைக்குமுன், பாரின் முனையை வெளுத்த அடிமரத்துக்கு நேரே, படாமல் பிடித்து இயந்திரத்தை முடுக்குங்கள். எண்ணெய்க் கோடு விழுந்தால் சரி. லாரியிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயை ஊற்றுவது சிக்கனமல்ல. அதிலுள்ள உலோகத் தூள் பாரைத் தின்னும், தோலுக்கும் கெடுதல்.

சங்கிலி தொங்கினால் கழன்று பாயும். இறுகினால் பாரின் மூக்கைத் தேய்க்கும். பாரோடு ஒட்டியிருந்து, கையால் இழுத்தால் சுலபமாக ஓட வேண்டும். சூடாக இருக்கையில் இறுக்கியிருந்தால், வேலை முடிந்ததும் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது சங்கிலி சுருங்கும். மூக்கின் மேற்பகுதி மரத்தில் பட்டால் வாள் முகத்தை நோக்கி எகிறும். பார் எவ்வளவு புதிதானாலும் இது நடக்கும்.

புதுச் சங்கிலி வாங்கும்போது பாரின் அடிப்பக்கத்தில் பொறித்திருக்கும் காடி அளவைப் பாருங்கள். 1.3, 1.5, 1.6 மில்லிமீட்டர் என்று பல அளவு உண்டு. அகலக் காடியில் மெல்லிய சங்கிலி ஆடும். காடி ஆழம் குறைந்து, சங்கிலியின் வால் அடியில் இடிக்கத் தொடங்கிவிட்டால் அந்தப் பாரை அராவிப் பயனில்லை, மாற்றிவிட வேண்டியதுதான்.