கணிப்பொறி நடுவில் நின்றுவிட்டால்



"ஓ.எஸ். போடும்போது கம்ப்யூட்டர் ஹேங் ஆகிவிட்டது." இந்தப் பேச்சு இப்போது கிராமங்களிலும் கேட்கிறது. இதற்கு என்ன பொருள்? அப்போது என்ன செய்ய வேண்டும்? இன்று அதைப் பார்க்கலாம்.

சித்தூர்ப் பக்கத்து மக்களுக்குக் கணிப்பொறி புதிதல்ல. குப்பம் என்ற ஊரை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் காதில் விழும் எல்லை ஊர் அது. 2002ஆம் ஆண்டு எச்.பி. என்ற அமெரிக்க நிறுவனமும் ஆந்திர அரசும் சேர்ந்து அங்கே ஒரு திட்டம் தொடங்கின. ஊர்களில் கணிப்பொறி மையங்கள் திறந்தார்கள். சுய உதவிக் குழுப் பெண்கள் சிலர் டிஜிட்டல் கேமராவைக் கையில் எடுத்தார்கள். சூரிய ஒளியில் ஓடும் பிரிண்டரில் படம் போட்டுக் கொடுத்துச் சம்பாதித்தார்கள். பிறகு 2011இல் மீசேவா வந்தது. அதற்கும் முன்னோடி மாவட்டம் சித்தூர்தான். சாதிச் சான்று, வருமானச் சான்று, அடங்கல் நகல் எல்லாம் கணிப்பொறி வழியே கிடைக்கத் தொடங்கின.

ஆகவே கணிப்பொறி நின்றால் ஒருவர் வேலை மட்டும் நிற்பதில்லை. வரிசையில் நிற்கும் அத்தனை பேர் வேலையும் நின்றுபோகும்.

ஓ.எஸ். என்பது என்ன? தமிழில் இயங்குதளம் என்பார்கள். வீடு கட்டும் இடத்தில் மேஸ்திரி இருக்கிறார் அல்லவா? செங்கல் எங்கே வைப்பது, கலவை யார் தூக்குவது என்று அவர்தான் சொல்வார். கணிப்பொறிக்குள் அந்த மேஸ்திரி வேலையைச் செய்வது இயங்குதளம். விண்டோஸ் ஒரு வகை. லினக்ஸ் இன்னொரு வகை. சென்னையில் உள்ள சி-டாக் என்ற அரசு நிறுவனம் 'பாஸ்' என்ற லினக்ஸை உருவாக்கித் தந்திருக்கிறது. அதில் தமிழும் உண்டு, தெலுங்கும் உண்டு.

இயங்குதளத்தைப் புதிதாகப் போடும்போது ஆயிரக்கணக்கான கோப்புகள் பென்டிரைவிலிருந்து உள்ளே போகின்றன. அவை ஹார்ட் டிஸ்கில் பதிய வேண்டும். ஹார்ட் டிஸ்க் என்பது தானியக் குதிர் மாதிரி. எல்லாம் அங்கேதான் சேமிப்பாகும். ராம் என்று இன்னொன்று உண்டு. அது முறம் மாதிரி. குதிருக்குப் போகும் முன் எல்லாம் முறத்தில் விழுந்து போகும். முறத்தில் ஓட்டை இருந்தால் என்ன ஆகும்? வேலை நடுவில் கெடும்.

இனி ஒரு கதை. இது கற்பனைக் கதைதான்.

சித்தூருக்கு அருகில் ஒரு கிராமம். அங்கே ஒரு பெண் சிறிய கணிப்பொறி மையம் நடத்துகிறார். தகர ஷீட் போட்ட ஒரே அறை. ஒரு மேசை, ஒரு பிரிண்டர், பத்து வருடப் பழைய கணிப்பொறி. விண்ணப்பம் நிரப்புவார். கரண்டு பில் கட்டுவார். திருமலை தரிசன டிக்கெட் பதிவு செய்து தருவார். அவர் வைத்திருந்தது விண்டோஸ் 10. அதற்குப் பாதுகாப்புத் திருத்தங்களை இலவசமாகத் தருவதை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நிறுத்தியது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் ராம் 4 ஜி.பி.யாவது வேண்டும். டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சில்லும் வேண்டும். பழைய பெட்டியில் அந்தச் சில்லு இல்லை. அதனால் லினக்ஸ் போடலாம் என்று முடிவு செய்தார்.

முதலில் அவர் இரண்டு நல்ல காரியம் செய்தார். வாடிக்கையாளர்களின் சான்றிதழ் நகல், குடும்பப் படங்கள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் படி எடுத்து வைத்தார். பிரிண்டரும் கைரேகைக் கருவியும் லினக்ஸில் ஓடுமா என்று விசாரித்தார். பலர் இந்த இரண்டையும் செய்வதில்லை. 'ஃபார்மட்' என்ற பொத்தானை அழுத்திவிட்டு, பிறகு பிள்ளையின் கல்யாணப் படம் போய்விட்டது என்று அழுகிறார்கள்.

மே மாதம். பகல் 2 மணி. பென்டிரைவைச் செருகி வேலையைத் தொடங்கினார். திரையில் ஒரு பட்டை மெல்ல நகர்ந்தது. 35 சதவீதத்தில் நின்றது. கால் மணி நேரம் பார்த்தார். அசையவில்லை. அணைத்துவிட்டுத் திரும்பத் தொடங்கினார். மறுபடியும் நின்றது. பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "மிஷின் போச்சும்மா. புதுசு வாங்கிடு" என்றார். புதிது என்றால் குழுக் கடன்தான். ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கும். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் பெற்றோர்கள் வருவார்கள். அவருக்குத் தூக்கம் வரவில்லை.

திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். அங்கே அவருக்குத் தெரிந்த ஒரு பழுது பார்க்கும் கடை இருந்தது. பெட்டியைப் பழைய புடவையில் கட்டி பஸ் ஏறலாம் என்று நினைத்தார். அதற்கு முன் ஃபோன் செய்தார்.

"தம்பி, ஓ.எஸ். போடறப்போ ஹேங் ஆயிடுச்சு."

"எந்த இடத்துல நின்னுச்சு அக்கா?"

"முதல்ல 35ல. அப்புறம் எதுலன்னு பார்க்கலையே."

"மவுஸ் நகர்ந்துச்சா?"

"அதையும் பார்க்கலை தம்பி."

"பெட்டியைத் தூக்கிட்டு வராதீங்க அக்கா. ஒரு நோட்டு எடுங்க. ஒவ்வொரு தடவையும் மணி, சதவீதம், எத்தனை நிமிஷம் ஓடிச்சுன்னு எழுதுங்க. திரையில என்ன எழுத்து வந்தாலும் அப்படியே எழுதுங்க. புரியணும்னு இல்லை."

இந்தத் தம்பி நல்ல வேலைக்காரர். நோயாளியிடம் காய்ச்சல் எப்போது வருகிறது என்று கேட்காமல் மருந்து கொடுக்கும் வைத்தியரை நம்பலாமா? கணிப்பொறி விஷயமும் அப்படித்தான்.

கணிப்பொறி உண்மையிலேயே நின்றுவிட்டதா, இல்லை மெதுவாக வேலை செய்கிறதா என்று முதலில் தெரிய வேண்டும். கீபோர்டில் 'கேப்ஸ் லாக்' என்ற பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் ஒரு சிறு விளக்கு எரியும். மறுபடி அழுத்தினால் அணையும். விளக்கு மாறினால் உள்ளே உயிர் இருக்கிறது என்று பொருள். பெட்டியின் முகப்பில் சிவப்பாகவோ மஞ்சளாகவோ ஒரு விளக்கு மினுக்கினால் ஹார்ட் டிஸ்க் வேலை செய்கிறது. அப்போது தொடக் கூடாது. பழைய டிஸ்க் என்றால் ஒரு மணி நேரம் கூடக் காத்திருக்கலாம். பாதி வேலையில் அணைப்பதுதான் பல நல்ல கணிப்பொறிகளுக்கு வந்த கேடு. மவுஸும் நகரவில்லை, விளக்கும் மாறவில்லை என்றால்தான் அது நின்றுவிட்டது. அப்போது ஸ்விட்சைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம்.

அந்தப் பெண்ணின் நோட்டில் இப்படி இருந்தது:

செவ்வாய், பகல் 2 மணி. 14 நிமிடம் ஓடியது. 35.
செவ்வாய், பகல் 2.40. 7 நிமிடம் ஓடியது. 18.
புதன், காலை 6 மணி. 38 நிமிடம் ஓடியது. 81.

மூன்றே வரி. ஆனால் அதில் எவ்வளவு செய்தி பாருங்கள். ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நின்றிருக்கிறது. இதுதான் முக்கியம். எப்போதும் ஒரே இடத்தில் நின்றால் சந்தேகம் வேறு. பென்டிரைவில் ஒரு கோப்பு கெட்டிருக்கலாம். ஹார்ட் டிஸ்கில் ஓர் இடம் பழுதாகியிருக்கலாம். விண்டோஸ் போடும்போது 80070570 என்று முடியும் எண் வந்தால், கோப்பு கெட்டுவிட்டது, படிக்க முடியவில்லை என்று அது சொல்கிறது. அப்போது வேறு பென்டிரைவில், அந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே புதிதாக எடுத்துப் போட வேண்டும். யாரோ கடையில் சும்மா எழுதிக் கொடுத்த பென்டிரைவை நம்பக் கூடாது. அதில் என்ன கலந்திருக்கும் என்று யாருக்குத் தெரியும்? ஹார்ட் டிஸ்கிலிருந்து 'டக் டக்' என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும். அந்த டிஸ்க் சாகப் போகிறது. அதில் உள்ளதைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை.

தொடக்கத்திலேயே, நிறுவனத்தின் சின்னம் தெரியும்போதே நின்றால், பிரிண்டர், வெப் கேமரா எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பார்க்கலாம். பென்டிரைவை வேறு துளையில் செருகிப் பார்க்கலாம். திரையில் தேதி 10 வருடம் பின்னால் காட்டுகிறதா? உள்ளே நாணயம் போன்ற ஒரு பேட்டரி உண்டு. அது தீர்ந்துவிட்டால் கணிப்பொறி தன் அமைப்புகளை மறந்துவிடும். விலை அதிகமில்லை.

இங்கே இடம் மாறி மாறி நின்றது. ஆகவே சூடு, ராம், மின்சாரம் இந்த மூன்றில் ஒன்று. பகலில் சீக்கிரம் நின்றது. அணைத்த உடனே தொடங்கியபோது இன்னும் சீக்கிரம் நின்றது. விடியற்காலையில் வெகுநேரம் ஓடியது. தம்பி ஃபோனில் இதைக் கேட்டதும், "சூடு அக்கா" என்றார்.

திருப்பதி, சித்தூர் பக்கம் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது சாதாரணம். தகரக் கூரைக்குக் கீழே கேட்கவே வேண்டாம். கணிப்பொறியின் மூளையான பிராசசர் சூடானால் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உச்சி வெயிலில் உழவு மாடு நடை தளர்வது போல. சூடு இன்னும் ஏறினால் தானே அணைந்துவிடும். சில பழைய பெட்டிகள் அப்படியே உறைந்து நிற்கும்.

அவர் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்தார். உள்ளே விசிறியின் மேல் தூசி பஞ்சு மெத்தை போலப் படிந்திருந்தது. விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் துடைத்தார். சுவரை ஒட்டியிருந்த பெட்டியை ஒரு சாண் தள்ளி வைத்தார். ஓர் எச்சரிக்கை: கரண்டு வரும் ஒயர் போய்ச் சேரும் இரும்புப் பெட்டி ஒன்று உள்ளே இருக்கும். அதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்று பெயர். அதை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் மின்சாரம் தங்கியிருக்கும். உயிருக்கே ஆபத்து.

மறுநாள் பகலில் 50 நிமிடம் ஓடியது. 74இல் நின்றது.

பாதி வெற்றிதான். ஒரே ஒரு கோளாறுதான் இருக்கும் என்று கணிப்பொறி நமக்கு எழுதிக் கொடுக்கவில்லையே. தம்பி இப்போது ராமைச் சோதிக்கச் சொன்னார். ஆனால் ஒன்றை அழுத்திச் சொன்னார். "ஒரு நேரத்துல ஒண்ணுதான் மாத்தணும் அக்கா. பென்டிரைவையும் மாத்தி, ராமையும் மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாது. அடுத்த தடவை மறுபடியும் மொதல்லேர்ந்து தேடணும்."

பெட்டியில் 4 ஜி.பி. ராம் பலகை இரண்டு இருந்தது. சீப்பு போல நீளமான சிறு பலகைகள். ப்ளக்கைப் பிடுங்கி, ஸ்விட்சைச் சில விநாடி அழுத்தி, மிச்சமிருந்த மின்சாரம் போகவிட்டார். பெட்டியின் இரும்பு விளிம்பை ஒருமுறை தொட்டார். உடம்பில் உள்ள நிலைமின்சாரம் ராமைக் கெடுக்கும். அதற்காகத்தான் இது. பிறகு இரண்டு முனையிலும் உள்ள கொக்கியைத் தள்ளி ராமை எடுத்தார். அதன் மஞ்சள் பற்களைப் பிள்ளையின் அழி ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்தார். சில நேரம் இதுவே போதும். திரும்பச் செருகும்போது இரண்டு பக்கமும் 'கிளிக்' என்று சத்தம் வர வேண்டும்.

முதலில் ஒரு பலகையை மட்டும் போட்டார். 22இல் நின்றது. அதை எடுத்துவிட்டு, அதே துளையில் மற்றொன்றைப் போட்டார். பட்டை 35ஐத் தாண்டியது. 74ஐத் தாண்டியது. 81ஐயும் தாண்டியது. 100இல் முடிந்தது. அவசரப்படாமல் இன்னொரு முறையும் முதலிலிருந்து போட்டுப் பார்த்தார். அப்போதும் நிற்கவில்லை. 'மெம்டெஸ்ட்' என்று ஒரு சோதனை நிரல் இருக்கிறது. இரவு முழுக்க ஓடவிட்டால் ராமில் உள்ள பழுதைக் காட்டும். நேரம் இருப்பவர்கள் அதையும் ஓட்டிப் பார்க்கலாம்.

புதிது வாங்கச் சொன்ன பக்கத்துக் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. பழையது என்றாலே தூக்கிப் போடு என்பதுதான் இன்று எங்கும் கேட்கும் பேச்சு. ஆனால் டாட்டா கன்சல்டன்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டு மேடக் மாவட்டத்தில் கணிப்பொறி வழியே முதியோருக்கு எழுத்தறிவிக்கத் தொடங்கியபோது, பழைய கணிப்பொறிகளிலேயே ஓடும்படி அந்தப் பாடத்தை அமைத்தார்கள். சுமார் 40 மணி நேரத்தில் படிக்கப் பழக்கும் பாடம் அது. வகுத்தவர் எஃப்.சி. கோலி. மற்றவர்கள் ஒதுக்கிய பெட்டிகளின் முன்னால் உட்கார்ந்து பலர் எழுத்துக் கற்றார்கள்.

அடுத்த வாரம் அந்தப் பெண் திருப்பதிக்குப் போனார். பெட்டியைத் தூக்கிப் போகவில்லை. கெட்ட ராம் பலகையைத் தாளில் சுற்றி மணிபர்ஸில் வைத்திருந்தார். கையில் அந்த நோட்டு. தம்பி அதை வாங்கிப் புரட்டினார். அதே அளவில், அதே வகையில் பழைய ராம் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்தார்.

"அக்கா, இந்தப் பக்கத்தை ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்கட்டுமா? கடைப் பசங்களுக்குக் காட்டணும்" என்று கேட்டார்.