விலையைப் பெயரில் வைத்த பத்திரிகை



நினைவுப் பேருரை என்றால் மறைந்தவரின் புகழ் பாடுவது வழக்கம். இன்று நாம் நினைவுகூரும் தோழருக்கு அது பிடிக்காது. கூட்டத்துக்கு வரும்போதெல்லாம் அவர் தோளில் ஒரு துணிப்பை இருக்கும். அதில் புத்தகங்கள், ரசீதுக் கட்டு, ஒரு நோட்டு. நோட்டின் முன்பக்கத்திலிருந்து கதை எழுதுவார். பின்பக்கத்திலிருந்து யார் எத்தனை பிரதி வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று கணக்கு எழுதுவார். இரண்டும் நடுவில் சந்தித்தால் புது நோட்டு வாங்குவார். 'எழுத்தாளரா, கமிஷன் ஏஜெண்டா' என்று அவரைக் கேலி செய்ததும் நாம்தாம். அந்த நோட்டைப் பற்றியே இன்று பேசலாம் என்றிருக்கிறோம்.

விற்பனை என்ற சொல் நமக்குக் கூசுகிறது. சந்தை நம்மை நடத்திய விதம் அப்படி. 1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். அதற்கான விளம்பரத்தைக் காசு வாங்கிக்கொண்டுகூடப் போட மறுத்தது திலகரின் 'கேசரி'. நம் காசுக்கும் தீட்டு இருந்தது. கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்து உதவியும் இதழ் நெடுநாள் நிற்கவில்லை. அவர் விட்டுவிடவில்லை. 1927இல் 'பகிஷ்கிருத் பாரத்', 1930இல் 'ஜனதா', அதுவே 1956இல் 'பிரபுத்த பாரத்'. வழக்கு, கல்லூரி, மாநாடு, சட்டசபை எல்லாவற்றுக்கும் நடுவில் பத்திரிகைக் கடனையும் சுமந்தவர் அவர்.

அதற்கு முன்பே நம் ஊரில் ஒருவர் இதைச் செய்து காட்டியிருந்தார். 1907 ஜூன் 19, புதன்கிழமை. சென்னை இராயப்பேட்டையிலிருந்து அயோத்திதாசப் பண்டிதர் ஒரு வார இதழைக் கொண்டுவந்தார். பெயர் 'ஒரு பைசாத் தமிழன்'. அன்றைக்கு ஒரு பைசா என்றால் காலணா. ஓராண்டு கழித்துத்தான் அது 'தமிழன்' ஆனது. விலையையே பெயராக வைக்க வேண்டுமானால், வாங்குகிறவர் யார், அவர் மடியில் என்ன முடிந்து வைத்திருப்பார் என்று யோசித்திருக்க வேண்டும். மார்க்கெட்டிங் என்று இப்போது பெரிய படிப்பாகப் படிக்கிறார்கள். பண்டிதர் அதைத் தலைப்பிலேயே முடித்துவிட்டார். கோலார் தங்கவயலின் சுரங்கத் தொழிலாளர்களும், கடல் கடந்து போன நம் மக்களும் அவருக்கு வாசகர்கள்.

அவருடைய வழக்கத்தையும் பாருங்கள். இதழ் தொடங்கியபோது அறுபதைத் தாண்டிவிட்டார். சித்த வைத்தியம் பார்த்துக்கொண்டே எழுதினார். 'இந்திரர் தேச சரித்திரம்' தொடராக வந்ததுதான். 1914இல் மறையும்வரை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் வாரந்தோறும் ஒரு கெடு. மனசு கூடி வரட்டும் என்று அவர் உட்கார்ந்திருந்தால் புதன்கிழமை காத்திருக்காது.

நம்மிடம் அந்தப் புதன்கிழமை இல்லை. போராட்டம் முடியட்டும், ஆய்வேட்டைக் கொடுத்துவிடுகிறேன், வீடு மாறியதும் எழுதுகிறேன் என்கிறோம். பொய்க் காரணங்கள் இல்லை. தனி அறையும் மேசையும் உள்ள வீடு நம்மில் எத்தனை பேருக்கு? பெண் தோழர்களுக்கு அடுப்படி வேலை முடியவே பத்து மணி. அதனால்தான் நேரத்தைச் சின்னதாக வைத்துக்கொள்ளச் சொல்கிறோம். அரைப் பக்கம் போதும், ஆனால் அதே நேரத்தில். பாட்டி திட்டிய வசவைக் கேட்ட அன்றைக்கே குறித்துவிடுங்கள். மறுநாள் அது பாடப்புத்தகத் தமிழாகிவிடும். எழுதியதை மாதம் ஒருமுறை இருவருக்காவது சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். அவர்களில் ஒருவர் இலக்கியக்காரராக இல்லாமலிருப்பது நல்லது.

எழுதியது அச்சானதும் என்ன செய்கிறோம்? வெளியீட்டு விழா, பொன்னாடை, மேடையில் இருப்பவர்களுக்கெல்லாம் இலவசப் பிரதி. மீதி கட்டிலுக்கடியில். மழையும் கரையானும் பார்த்துக்கொள்கின்றன. இலவசமாக வாங்கியவர் படிப்பதில்லை என்பது நம் அனுபவம். பத்து ரூபாய் கொடுத்தவர்தான் மறுபடி வந்து சண்டை போடுகிறார்.

நாக்பூர் தீட்சா பூமிக்குத் தம்மச் சக்கர நாளில் போய்ப் பாருங்கள். ஊர் ஊராக வந்த மக்கள் சோற்று மூட்டையோடு இறங்கி, திரும்பும்போது புத்தகத்தோடு ஏறுகிறார்கள். மும்பை சைத்யபூமியில் டிசம்பர் 6 அன்றும் இதே காட்சிதான். கூலி வேலை செய்கிறவர்கள் சின்னச் சின்னப் பிரசுரங்களைப் பேரம் பேசாமல் வாங்குவார்கள். அந்தச் சந்தையை எந்தக் கம்பெனியும் அமைக்கவில்லை.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. நம் தோழி ஒருவரின் கையெழுத்துப் பிரதியைப் படித்த பதிப்பாளர், 'இன்னும் கொஞ்சம் வலி சேருங்கள், நன்றாகப் போகும்' என்றார். அவர் எழுதியிருந்ததோ தன் தெருவின் கபடிக் குழுவைப் பற்றி. பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டு, கைமாற்று வாங்கி, தானே அச்சிட்டார். சந்தைக்கு ஏற்றாற்போல் எழுதச் சொல்லவில்லை நாம். எழுதியதைச் சந்தைவரை தூக்கிக்கொண்டு போகச் சொல்கிறோம்.

போகாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் பண்டிதரே சாட்சி. ஏழாண்டு எழுத்து பல பத்தாண்டுகள் பொதுப் பார்வையில் இல்லாமல் கிடந்தது. 1999இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்து, பாளையங்கோட்டை நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் வெளியிட்ட பிறகுதான் பல்கலைக்கழகங்கள் திரும்பிப் பார்த்தன. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் பழைய இதழ்களைப் பொத்தி வைத்திருக்காவிட்டால் தொகுக்க என்ன இருந்திருக்கும்?

எனவே ஒரு வேலையை மறக்காதீர்கள். 1954ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் புத்தகப் பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் போக வேண்டும். மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் உண்டு. அனுப்ப வேண்டியது பதிப்பாளர். அவர் அனுப்பினாரா என்று கேட்க வேண்டியது நீங்கள். நீங்களே பதிப்பாளர் என்றால் தபால் செலவையும் அடக்க விலையில் சேருங்கள்.

தோழரின் கடைசி நோட்டை அவர் வீட்டார் நம்மிடம் கொடுத்திருக்கிறார்கள். முன்பக்கம் முடியாத ஒரு கதை இருக்கிறது. பின்பக்கம் பதினொரு பேர் பாக்கி. அதில் நால்வர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள், பெயர் சொல்லப்போவதில்லை. வாசலில் மேசை போட்டிருக்கிறோம், அவருடைய புத்தகங்களும் இருக்கின்றன. ரசீது உண்டு. சில்லறையாகக் கொடுத்தால் நல்லது.