நரம்பைத் தின்னும் ஆவி
(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இயந்திரத்தில் கை சிக்கினால் ரத்தம் தெரியும், ஊரே கூடிவிடும். மூச்சோடு உள்ளே போகும் விஷம் நரம்பைத் தின்றால் யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. அதைப்பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

ரேயான் நூல் எப்படி வருகிறது? மரக்கூழைக் காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, கார்பன் டைசல்பைடு சேர்த்துக் கரைத்து, கந்தக அமிலத் தொட்டியில் இழையாக இழுக்கிறார்கள். அப்போது கார்பன் டைசல்பைடு ஆவியாகக் கிளம்புகிறது. அதை நாள்தோறும் சுவாசிப்பவருக்கு முதலில் தலைவலி, தூக்கமின்மை, காரணமில்லாத கோபம். பிறகு கைகால் மரத்துப்போகிறது; ஞாபகம் தப்புகிறது; சிலருக்குச் சித்தமே கலங்குகிறது; பக்கவாதமும் வருகிறது.

இது புதுச் செய்தியா? இல்லை. பாரிஸ் ரப்பர்த் தொழிலாளரிடம் இந்நோயைக் கண்டு டாக்டர் டெல்பெக் 1856-லேயே எழுதிவிட்டார். பிரிட்டனிலோ, சித்தம் கலங்கிய ரப்பர்த் தொழிலாளர் மாடியிலிருந்து குதித்தார்கள். ஆலையின் ஜன்னல்களுக்குக் கம்பி போட்டார்கள்! விஷத்துக்கு யார் கம்பி போடுவது?

தென் கொரியாவின் வோன்ஜின் ரேயான் ஆலையைப் பாருங்கள். ஜப்பானில் ஓடிக் கழித்த பழைய இயந்திரங்கள் அங்கே ஓடின. 1988-ல் நோயாளிகளின் துயரம் பத்திரிகையில் வெளிவந்தது. 1991-ல், தொழில்நோய் என்ற அங்கீகாரம் கிடைக்காமலே ஒரு தொழிலாளி மாண்டார். சவப்பெட்டியை ஆலை வாசலில் வைத்துக் குடும்பத்தாரும் சக தொழிலாளரும் 137 நாள் போராடினார்கள். 1993-ல் ஆலை மூடப்பட்டது. 900-க்கும் மேற்பட்டோரின் நோய் தொழில்நோய் என ஏற்கப்பட்டது. 1999-ல் தொழிலாளருக்கென்றே ஒரு மருத்துவமனையும் எழுந்தது. ஆனால் அந்த இயந்திரங்கள்? சீனாவுக்கு விற்கப்பட்டன!

வயலில் பூச்சிமருந்து அடிக்கும் தோழர்களே, இது உங்கள் கதையும்தான். மோனோகுரோட்டோபாஸ் போன்ற மருந்துகள் தோல் வழியாகவும் உள்ளே இறங்கும். நரம்பு அனுப்பும் செய்தியை உரிய நேரத்தில் அணைக்கும் நொதியை அவை முடக்கிவிடுகின்றன. கண்மணி சுருங்கும், தசை துடிக்கும், மூச்சு முட்டும்.

நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே கார்பன் டைசல்பைடு நோயை அரசுக்கு அறிவிக்கவேண்டிய நோய்களில் சேர்த்தது. ஆனால் ஏட்டில் இருப்பது ஆலைக்குள் தானாக வருமா?

நாம் கேட்கவேண்டியது என்ன? ஆவி வெளியேறாதபடி மூடிய இயந்திரம். கிளம்பும் ஆவியை அங்கேயே உறிஞ்சும் விசிறி. காற்றிலுள்ள விஷத்தின் அளவை எழுதி வாசலில் ஒட்டுதல். ஆண்டுதோறும் நரம்புப் பரிசோதனை, அதன் முடிவு தொழிலாளியின் கையில். முகமூடி கடைசிக் காவல்தான். அதைக் கொடுத்துவிட்டுக் கைகழுவ விடக்கூடாது.

கை மரத்தபின் நஷ்டஈட்டுக்கு நீட்டுவதைவிட, கையில் வலு இருக்கும்போதே சேர்ந்து உயர்த்துவோம்!